வேனிற்பனியின் பதம்

தில்லியில் ஆனி மாதத்து வெயில் எத்தகையது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன்னரே வெக்கை தொடங்கிவிடும். பத்து மணிக்கெல்லாம் 'லூ' என்னும் அனற்காற்று சன்னற் கதவுகளை அறையும். கூலருக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். சென்ற ஆண்டு அத்தகையதொரு காலை வேளையில் நாம் நம் தமக்கையார் இல்லத்தில் அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பணிபுரியும் அவர் மகனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அம்மா, இந்தச் சனிக்கிழமை நண்பர்களோடு மலைக்குப் போகிறேன். பனிச்சறுக்கு. இரண்டு நாளைக்குப் போன் கிடைக்காது. கவலைப்படாதே" என்றான்.

தமக்கையார் தொலைபேசியை வைத்துவிட்டு நம்மை நோக்கினார். "ஜூன் மாதத்தில் பனியாம், அதில் சறுக்குவதற்கு மலை உச்சிக்குப் போகிறானாம். வேண்டாமென்று நீயாவது சொல்லேன். மாமா சொன்னால் கேட்பான்" என்றார்.

சொல்லத்தான் எண்ணினோம். ஆயினும் ஒன்றை அறியாது ஒன்றை விலக்குதல் முறையன்று எனத் தோன்றியமையால், முதலில் அவன் போகும் மலை யாது, அங்கே செய்யப்போவது யாது என்று விசாரிக்கத் தொடங்கினோம். நூல்களைப் புரட்டினோம்; அவனையும் பலமுறை கேட்டோம். நம் இல்லங்களிலிருந்து கடல் கடந்து சென்றுள்ள பிள்ளைகள் பலர் இன்று அந்நகரைச் சுற்றி வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர்க்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால், நாம் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகின்றோம்.

கோடையிற் பனி எங்ஙனம்?

சியாட்டில் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவில் நிற்பது ரெய்னியர் மலை. அது ஓர் எரிமலை. உயரம் ஏறத்தாழ 14,400 அடி. அம்மண்ணின் பழங்குடி மக்கள் அதனைத் தகோமா என வழங்கினர். 1899ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அம்மலையையும் சுற்றுப்புறத்தையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது. வானம் தெளிந்த நாளில் நகரத்துத் தெருக்களிலிருந்தே அம்மலையின் வெண்முடி தெரியும். அலாஸ்காவை நீக்கிப் பார்த்தால், அந்நாட்டில் ஒரே மலைமீது இத்துணைப் பனியாறுகள் வேறெங்கும் இல்லை.

பசிபிக் கடலின் ஈரக்காற்று மாரிக்காலம் முழுதும் அம்மலைத்தொடர்மீது மோதித் தன் சுமையைப் பனியாகக் கொட்டுகின்றது. மலையின் தென்சரிவில் 5,400 அடி உயரத்தில் 'பாரடைஸ்' என்னும் இடம் உளது. அங்கே 1971 ஜூலை தொடங்கி 1972 ஜூன் வரையிலான ஓராண்டில் பெய்த பனியை அளந்தபோது 1,122 அங்குலம் இருந்ததாம். அஃதாவது 93 அடிக்கும் மேல்! அதே மலைத்தொடரில் வடக்கே உள்ள பேக்கர் மலையில் 1998-99இல் 1,140 அங்குலம் பெய்து அந்தக் கணக்கையும் விஞ்சிற்று. இத்துணைப் பனி வைகாசி, ஆனியில் உருகித் தீர்ந்துவிடுமா? ஆடி மாதத்திலும் மேற்சரிவுகள் வெள்ளை வெளேரென்றே இருக்கும்.

தமிழில் நமக்குப் 'பனி' ஒரே சொல். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பதும் பனி. இமயத்தின் முடியில் உறைந்திருப்பதும் பனி. அம்மலைக்குச் செல்வோருக்கோ நேற்றுப் பெய்த பனி வேறு, சென்ற மாதத்துப் பனி வேறு, பல்லாண்டுகளாக அமுங்கி நீலநிறக் கட்டியாய் இறுகிய பனி வேறு. ஈற்றிற் கூறியதே பனியாறு. அது நிலையாக நிற்பதுபோலத் தோன்றினும் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கின்றது. சில இடங்களில் நாளொன்றுக்கு ஓரடி, ஈரடி நகர்கின்றது. அந்த ஓட்டத்திற்குத் தக்கபடியே மலையேறுவோர் தம் வழியையும் வேளையையும் வகுக்கின்றனர்.

புலம்பெயர்ந்தோர் கொணர்ந்த பலகை

சறுக்குப் பலகையை 'ஸ்கீ' என்பர். பழைய நார்வே மொழியில் அதற்குப் 'பிளந்த மரத்துண்டு' என்பது பொருள். பனிநாட்டார் அதனைக் காலிற் கட்டிக்கொண்டு வேட்டைக்கும் அண்டை வீட்டிற்கும் சென்றனர். 1888ஆம் ஆண்டு கோடையில் நான்சென் என்னும் நார்வே நாட்டு இளைஞர் ஐந்து தோழருடன் அப்பலகைகளின் துணையால் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து காட்டினார். அவர் எழுதிய நூலைப் படித்த பின்னரே ஐரோப்பாவின் பிற நாட்டார் பலரும் ஆல்ப்ஸ் மலைகளில் அப்பலகையுடன் ஏறத் தலைப்பட்டனர்.

சியாட்டில் பக்கத்து மலைகளில் இப்பழக்கம் வேரூன்றியதற்கு அங்குக் குடியேறிய நார்வே மக்கள் பெரிதும் காரணமாவர். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இதில் வியப்பில்லை. நாம் கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் கோலமும் கொலுவும் வைத்ததுபோல, அவர்கள் தம் பலகைகளைக் கொண்டுபோயினர்.

அவருள் ஒருவர் சிகுர்ட் ஹால். 1939ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் ரெய்னியர் உச்சிவரை சறுக்குப் பலகைகளின்மீதே ஏறிச் சென்ற முதல் மனிதர் இவர். உச்சியருகே பனி கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தமையால் அங்கிருந்து சறுக்கி இறங்க அவரால் இயலவில்லை. மறு ஆண்டு, 1940இல், அதே மலையில் 'ஸில்வர் ஸ்கீஸ்' என்னும் பந்தயம் நடைபெற்றது. 1934 முதல் நிகழ்ந்துவந்த அப்பந்தயத்தில், 10,000 அடி உயரத்து முகாமிலிருந்து பாரடைஸ் வரை விரைந்து இறங்குவர். அன்று மலையிற் படர்ந்த மூடுபனியில் பாறை கண்ணுக்குப் புலப்படாமல் மோதி ஹால் உயிர்நீத்தார். இறுகிய பனியைக் கண்டு முன்னாண்டிற் பொறுமை காத்தவரே, மறு ஆண்டு பந்தயத்தின் வேகத்தில் மாண்டார்.

1948 ஜூலையில் நால்வர் வடகிழக்குச் சரிவிலுள்ள எம்மன்ஸ் பனியாற்றின் வழியே உச்சியிலிருந்து சறுக்கி இறங்கினர். அம்மலையில் அவ்வாறு இறங்கியோர் அவர்களே முதல்வர். நம் மருமகன் செல்லவிருந்ததும் அவ்வழியே.

ஏறும் விதம்

பனிச்சறுக்கு என்றவுடன் நம் அன்பர்கள் குல்மார்கில் கம்பிவடத்தில் ஏறிச்சென்று இறங்கும் காட்சியை நினைப்பர். இஃது அத்தகையதன்று. இங்கே ஏற்றிச் செல்ல எந்திரமில்லை. ஏறும் ஒவ்வோர் அடியும் சொந்தக் காலால் ஏறவேண்டும். சறுக்கும் பலகையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவது எவ்வாறு என்று நாமும் கேட்டோம்.

பலகையின் அடியில் 'தோல்' என்னும் நீண்ட பட்டையை ஒட்டுகின்றனர். முற்காலத்தில் அது கடல்நாயின் தோலாக இருந்தது. இக்காலத்தில் ஆட்டுமயிராலோ நைலானாலோ நெய்கின்றனர். அதன் மயிர்கள் யாவும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால்நோக்கித் தடவினால் கை வழுக்கும். எதிர்த்துத் தடவினால் தடைப்படும் அன்றோ? அதுபோலவே பலகை முன்னே வழுக்கும், பின்னே சரியாது. ஏறும்போது காலணியின் முன்நுனி மட்டும் பலகையிற் பூட்டப்பெற்றுக் குதிகால் தூக்கி நடக்கலாம். உச்சியில் தோலை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் குதிகாலையும் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குகின்றனர்.

பனியாற்றின் பேரச்சம் அதன் பிளவுகளாகும். பாறை மேடுகளின்மீது பனியாறு வளைந்து செல்லுமிடத்து அதன் மேற்பரப்பு இழுபட்டு வெடிக்கின்றது. ஒரு பிளவு 100 அடிக்கு மேலும் ஆழமாக இருக்கலாம். மாரிப்பனி அதன் வாயை மூடிப் பாலம்போலப் படியும். கோடை ஏற ஏற அப்பாலம் மெலியும். மேலே நிற்பவருக்கு அங்கே பிளவு உண்டென்பதே தெரியாது. ஆதலின் மூவரோ நால்வரோ இடைவெளிவிட்டு ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டு ஏறுகின்றனர். ஒருவர் விழின் மற்றவர் பனியிற் சாய்ந்து கயிற்றைத் தாங்கவேண்டும். பின்னர்க் கப்பிகளை அமைத்து அவரை மேலே இழுக்கவேண்டும். இக்கலையைப் பயிலாதவரை அறிந்தவர் எவரும் தம் கயிற்றிற் சேர்ப்பதில்லை. சியாட்டிலில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மவுண்டனீயர்ஸ்' என்னும் மலையேறுவோர் சங்கம் இத்தகைய பயிற்சிகளை இன்றளவும் அளித்து வருகின்றது. நம் மருமகனும் அங்கேதான் பயின்றானாம். வேற்றூருக்குச் சென்ற பிள்ளை ஒரு சங்கத்தை நாடிச் சென்றான் என அறிந்தபோது நம் கவலை சற்றே தணிந்தது.

பனிக்கும் பதம் உண்டு

இவ்விளையாட்டின் உயிர்நிலை காலமே. கோடையில் மேகமற்ற இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து இறுகும். விடியற்காலையில் அது கல்போல் இருக்கும். காலணியின் தடம்கூடப் பதியாது. அப்போது காலணியில் இரும்பு முட்களைப் பூட்டி நடக்கலாம். பிளவுகளின்மேற் படிந்த பாலங்களும் உறுதியாக நிற்கும். கதிரவன் எழுந்த சில மணிக்கெல்லாம் மேற்பரப்பு ஓரங்குல அளவிற்கு இளகி, மணிமணியாக, நனைத்த ரவைபோல் ஆகும். அதன்கீழே உறுதி குன்றாது. அந்த வேளையே சறுக்குவதற்குரிய பதம். பலகை தானே வளையுமாம்; வெண்ணெயிற் கத்தி செல்வதுபோலச் செல்லுமாம்.

அப்பதம் நெடுநேரம் நில்லாது. மேலும் ஒரு மணி, இரண்டு மணி கழியின் பனி கூழாகிக் கால் முழங்காலளவு புதையும். ஈரங்கொண்ட பனி தன் சுமை தாளாது சரிவோடு பெயர்ந்து ஓடும். பாலங்கள் தளரும். காலையில் வழிவிட்ட இடமே நண்பகலில் குழியாகும். கிழக்கு நோக்கிய சரிவு முதலில் இளகும். மேற்கு நோக்கியது பிற்பகலில் இளகும். எனவேதான் இவர்கள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்குகின்றனர். மே மாதத்தில் 13,000 அடி உயரத்து ரோஹ்தாங் கணவாய்க்குச் சென்றுவந்த அன்பர்கள் இதனைச் சிறிய அளவிற் கண்டிருப்பர். காலையிற் சென்றவர் மொறுமொறுவென்ற பனியில் நடப்பர். நண்பகலிற் சென்றவரோ வாடகைக்கு எடுத்த ரப்பர் காலணிக்குள் நீர் புகச் சேற்றிற் புதைவர்.

இரவில் வானம் மூடியிருப்பின் மேகமே கம்பளியாகிவிடும், பனி இறுகாது. அன்று பதமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அன்றைக்குத் திரும்பிவிட வேண்டியதே.

வேறு இடர்களும் உள. வெயில் மேலிருந்து எரிப்பது போதாதென்று பனியிற் பட்டு மீண்டும் மேலெழும். மூக்கின் உட்புறமும் தாடையின் அடிப்புறமும் கருகும். கறுப்புக் கண்ணாடி இன்றேல் கண்பார்வை சில நாளைக்கு மங்கும். தென்சரிவில் முயர் முகாமிற்குச் செல்லும் பனிப்பரப்பு எளிய வழியென்பர். ஆயினும் மூடுபனி இறங்கிவிட்டால் வானும் நிலமும் ஒன்றாகி ஒருபுறம் நிஸ்குவாலி பனியாற்றின் பக்கமும் மறுபுறம் பாரடைஸ் பனியாற்றின் பக்கமும் வழிதவறிச் சென்று மாண்டவர் உண்டு. அதனால் பூங்கா அலுவலர் திசைகாட்டிக் குறிப்புகள் அச்சிட்ட தாளையே ஏறுவோர்க்கு வழங்குகின்றனர். 10,000 அடிக்கு மேலோ பனியாற்றின் மீதோ செல்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். தனியே செல்வதற்குத் தனி ஒப்புதல் தேவை.

இத்துணை முன்னேற்பாட்டையும் மீறி மலை தன் போக்கிற் செயற்படுவதும் உண்டு. 1981 ஜூன் 21ஆம் நாள் இங்கிரகாம் பனியாற்றில் பனிப்பாறைகள் சரிந்து 11 பேரைப் புதைத்துவிட்டன. அவர்களுள் வழிகாட்டி ஒருவரும் இருந்தார். மலையேற்றத்தில் அந்நாடு கண்ட பெருந்துயரம் அதுவே. இதனை நம் தமக்கையாரிடம் மறைக்கவில்லை.

திரும்பி வந்தவன்

குறித்த சனிக்கிழமை மருமகனும் தோழர் மூவரும் 4,400 அடியிலிருந்து புறப்பட்டனர். காட்டுவழியில் பலகைகளை முதுகிற் சுமந்து, பின்னர் இன்டர் பனியாற்றின்மீது தோலொட்டிய பலகைகளால் ஏறி, மாலையில் 9,500 அடி உயரத்திலுள்ள ஷுர்மன் முகாமை அடைந்தனர். பனியை உருக்கி நீராக்கிச் சோறு சமைத்து உண்டு, வெளிச்சம் மறையுமுன்னரே படுத்தனர். நள்ளிரவில் எழுந்தபோது விண்மீன்கள் தென்படவில்லை.

எனினும் கயிற்றிற் பிணைத்துக்கொண்டு எம்மன்ஸ் பனியாற்றில் ஏறினர். 11,500 அடியை அடைந்தபோது மணி நான்கு. இறுகியிருக்கவேண்டிய பனியிற் கணுக்காலுக்கு மேலும் புதைந்தது. குழுத்தலைவி பனிக்கோடரியின் காம்பைக் குத்திப் பார்த்தாள்; அது தடையின்றி இறங்கிற்று. எதிரே ஒரு பிளவின் பாலம். நால்வரும் ஐந்து நிமிடம் பேசினர், திரும்பினர். உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 3,000 அடி இருந்தது.

திங்கட்கிழமை நமக்குத் தொலைபேசியிற் பேசினான். குரலில் உற்சாகம் இல்லை. "மாமா, பனி உறையவே இல்லை, திரும்பிவிட்டோம். ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு குழு மேலே போய்விட்டுப் பத்திரமாக இறங்கிவிட்டது. ஆறு மாதம் பழகினோம். அங்கே கோழையாய்த் திரும்பியது நாங்கள் மட்டும்தான்" என்றான்.

நாம் தக்க விடை தேடிக்கொண்டிருந்தோம். அருகிலிருந்த தமக்கையார் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "ஏண்டா, தீபாவளிக்கு மைசூர்பாகு கிளறும்போது நான் எப்போது இறக்குவேன் என்று பார்த்திருக்கிறாயே. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் இரண்டு கிளறு கிளறினாள் என்பதற்காக நானும் கிளறுவேனா? பதம் தெரிந்து இறக்குகிறவளை யாரடா கோழை என்பார்கள்? நீ இறங்கியது எனக்குச் சரி" என்றார்.

மறுமுனையிற் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் அவன் சிரிப்பது கேட்டது.

போகவேண்டாம் எனத் தடுக்கச் சொன்னவர் அவரே என்பதை நாம் அன்று நினைவூட்டவில்லை.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பிள்ளைகள் இத்தகைய மலைகளுக்குச் செல்வதாகக் கூறின், 'ஏன் போகிறாய்?' என்னும் கேள்வியால் பயன் விளைவதில்லை. அடுத்த முறை சொல்லாமற் போவர், அவ்வளவே. நாம் கற்றறிந்த அளவில் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு. உடன் வருவோர் பிளவில் விழுந்தவரை மீட்கப் பயின்றவரா? முன்னிரவு வானம் தெளிந்திருக்கும் என்று வானிலை அறிக்கை கூறுகின்றதா? எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிவிடுவது என முடிவு செய்துள்ளீரா? குறித்த நேரத்தில் திரும்பாவிடின் அலுவலருக்குத் தெரிவிக்க ஊரில் யாரிடம் சொல்லியிருக்கிறாய்? இவற்றிற்கு உடனே விடை சொல்லும் பிள்ளை ஆயத்தமாக இருக்கிறான் எனக் கொள்ளலாம். தடுமாறுபவனிடம் நம் அச்சத்தை எடுத்துரைப்பது தகும்.

பிறிதொன்றும் கூறி முடிப்போம். ரெய்னியர் மலையின் பனியாறுகளை அளந்தோர், 1896 முதல் 2021 வரை அவற்றின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு கரைந்துபோயிற்று என்கின்றனர். ஸ்டீவன்ஸ் என்னும் சிறு பனியாறு, இனி அது பனியாறன்று எனக் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. சிகுர்ட் ஹால் ஏறிய மலை அப்படியே இன்றில்லை; நம் மருமகன் காணும் மலையும் அவன் பிள்ளைகள் காலத்தில் இராது. இது அந்நாட்டாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. தில்லியில் நம் வீட்டுக் குழாயில் வரும் யமுனை நீரும் கங்கை நீரும் இமயத்துப் பனியாறுகளிலே பிறந்தவை அல்லவா? பனி குறைந்துவருவதை முதலிற் காண்போர், ஆண்டுதோறும் அதன்மேல் ஏறிப் பார்ப்போரே. அவ்வகையில் இப்பிள்ளைகள் நமக்குச் செய்தி கொணர்வோருமாவர்.

இவ்வாண்டும் ஆனி பிறந்தது, தொலைபேசியும் வந்தது. அதே மலை, அதே வழி. தமக்கையார் இம்முறை நம்மை அழைக்கவில்லை. தாமே கேட்டார்: "எத்தனை மணிக்குத் திரும்புவாய்?"

"எங்கே இருந்தாலும் காலை எட்டு மணிக்கு, அம்மா" என்றான் அவன்.

"சரி, போய் வா" என்று கூறி, நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்து வைத்தார்.